பார்க்காமலே பழைய ஹை-எண்ட் ஸ்பீக்கர் வாங்குவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு

மும்பையில் ஒரு ஃப்ளாட்டில் நிற்கும் ஸ்பீக்கரை, தண்டையார்பேட்டையில் உட்கார்ந்தபடி போன் திரையில் பார்த்து வாங்கப் போகிறீர்கள். பணம் மூன்று வழிகளில் போகும். விற்பவரே போலியாக இருக்கலாம். ஆள் நல்லவராக இருந்தும் பொருளுக்குள் பழுது இருக்கலாம். ஆளும் பொருளும் சரியாக இருந்து, வரும் வழியில் லாரியில் உடையலாம். முதல் இரண்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். கோட்டை விடுவது மூன்றாவதில்தான்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவுக்குள், தனி நபரிடமிருந்து வாங்கும் பேசிவ் (வெளியே தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டிய) ஸ்பீக்கர்களுக்கு. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ் வகை என்றால் ஒன்றை மட்டும் சேர்த்துக் கேளுங்கள்: பின்பக்க லேபிளில் 230 வோல்ட் உண்டா? அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவையாக இருக்கலாம்.

இன்னொன்று. ‘டிரைவர்’ என்று வரும் இடத்தில் லாரி ஓட்டுபவரை நினைக்காதீர்கள். பெட்டியில் தாழ்ந்த ஒலி எழுப்பும் வூஃபர், கீச்சொலி எழுப்பும் ட்வீட்டர் இரண்டுக்கும் பொதுப்பெயர் அது.

1. அறையையும் மாடிப்படியையும் அளந்துவிட்டு மாடலை முடிவு செய்யுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் ஹால் பத்துக்குப் பத்து அடி இருந்தால் அதிகம். மாடிப்படி இரண்டரை அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். தரையில் நிற்கும் நாலடி உயர ஃப்ளோர்ஸ்டாண்டரை அதில் ஏற்றுவதே ஒரு வேலை. ஏற்றி வைத்தாலும், பின்பக்கம் போர்ட் (காற்று போய்வரும் துளை) உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் கும்கும் என்று அறை முழுக்க நிரம்பி, பாடுபவர் குரலை விழுங்கிவிடும். இந்த அளவு அறைக்கு ஸ்டாண்ட் மேல் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் வகையே பொருந்தும். ஹார்பெத் பி3இஎஸ்ஆர் போலப் போர்ட்டே இல்லாத மூடிய பெட்டி சுவருக்கு அருகிலும் சமாளிக்கும். அதன் சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) சுமார் 83 டெசிபல்தான் என்பதால் ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

எங்காவது ஒருமுறை காதால் கேட்ட மாடலை மட்டும் வாங்குங்கள். வீடியோ காலில் ஒலியின் தரம் தெரியவே தெரியாது. போனின் மைக்கும் நெட்டும் அதைத் தின்றுவிடும்.

குவாட் இஎஸ்எல்-57, இஎஸ்எல்-63 போன்ற எலக்ட்ரோஸ்டாடிக் வகையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மெல்லிய பேனலும் பல ஆயிரம் வோல்ட்டும் சேர்ந்து இயங்கும் அந்தப் பொருளுக்கு ஈரமும் தூசும் ஆகாது. காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் வைத்து அதைப் பராமரிப்பது தனிப் பிழைப்பு.

2. முழுச் செலவையும் கூட்டிவிட்டு விலை பேசுங்கள்

கேட்கும் விலையோடு சேர வேண்டியவை: பேக்கிங் அல்லது மரப்பெட்டி, லாரி வாடகை, மாதவரத்திலோ வால்டாக்ஸ் ரோட்டிலோ இறக்கிய இடத்திலிருந்து வீட்டுக்குக் குட்டி யானை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டாண்ட். இவை போக விலையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தைப் பழுதுக்கென்று ஒதுக்குங்கள். இந்தக் கூட்டுத்தொகை உங்கள் கையில் இருப்பதைத் தாண்டினால் மாடலை மாற்றுங்கள். பேக்கிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாடகைக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கொள்ளளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 60 × 45 × 50 பெட்டி என்றால் 27 கிலோ. நிஜ எடை 18 கிலோவே இருந்தாலும் பில் 27-க்கு வரும். லாரி பார்சலில் கன அடிக்குக் கணக்கு போடுவார்கள். பேக்கிங் முடிந்தபின் எவ்வளவு பெரிய பெட்டி வரும் என்று விற்பவரிடம் முன்பே கேட்டு, அந்த அளவைச் சொல்லி ரேட் கேளுங்கள்.

பெங்களூரு சரக்கு என்றால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டுக் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். மதியம் கேட்டுப் பார்த்துவிடலாம். மரப்பெட்டிச் செலவை விட டிக்கெட் மலிவு.

3. விற்பவர் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

நான்கு பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டும்: பேசுபவர், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பொருளின் ஒரிஜினல் பில். பில் வேறு பெயரில் இருந்தால் அவர் யாரிடம் வாங்கினார் என்பதற்கு ஏதாவது ஒரு சான்று, பழைய பணப் பரிமாற்றமாவது கேளுங்கள். வங்கிக் கணக்கு மட்டும் ‘மச்சான் பெயரில்’ இருந்தால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

அடையாளத்துக்கு மறைத்த ஆதார் போதும். முழு எண்ணைக் கேட்காதீர்கள், உங்களுடையதையும் கொடுக்காதீர்கள். தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்று சொல்லி, சீருடைப் படமும் கேண்டீன் அட்டையும் அவராகவே அனுப்பி, ‘டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, அவசரமாக விற்கிறேன்’ என்பவர் நாடு முழுக்கச் சுற்றும் பழைய மோசடி. அதே மாடலுக்கு மற்றவர்கள் கேட்கும் விலையில் பாதி சொன்னாலும் அதே சந்தேகம் வர வேண்டும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அதன் விலை நன்றாகத் தெரியும்.

4. படம் கேளுங்கள், பழைய படம் வேண்டாம்

ஒரு தாளில் அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி, ஸ்பீக்கர் மேல் வைத்து எடுத்த படங்கள் வேண்டும். முன்பக்க மூடியான கிரில்லைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து.

சீரியல் எண் லேபிள், இரண்டுக்கும். ஜோடியாக விற்றவை என்றால் ஒரே எண்ணில் ஏ, பி என்றோ, அடுத்தடுத்த எண்ணாகவோ இருப்பது வழக்கம். எண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் இரண்டு உடைந்த ஜோடிகளிலிருந்து ஒரு ஜோடி பிறந்திருக்கலாம். காரணம் கேளுங்கள்.

ட்வீட்டர் மிக அருகில். உலோக டோம் என்றால் குழந்தை விரல் ஒன்று போதும், பள்ளம் விழுந்துவிடும். சிறு பள்ளம் எப்போதும் ஒலியைக் கெடுத்துவிடுவதில்லை, விலையைக் கண்டிப்பாகக் கெடுக்கும்.

வூஃபரின் கோனைச் (ஒலிக்கும்போது அசையும் கூம்பு) சுற்றியுள்ள வளையம், அதாவது சரவுண்ட். ரப்பரா, ஃபோமா? ஃபோம் என்றால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பொடியாக ஆரம்பிக்கும். ஈரக்காற்று இருக்கும் ஊரில் அதற்கும் முன்பே. படத்தில் நன்றாகத் தெரிந்தாலும் விரலால் மெதுவாகத் தொடச் சொல்லி வீடியோ கேளுங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினாலோ தூள் உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ‘புதிதாக ஃபோம் மாற்றியாயிற்று’ என்றால் யார் செய்தது, எந்த ஆண்டு, கோன் நடுவில் பிடித்து ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள். கோணலாக ஒட்டினால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உரசும்.

பெட்டியின் அடிப்பாகம். பலரும் கேட்க மறப்பது இதைத்தான். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. சென்னைக்குள்ளேயே வாங்குகிறீர்கள் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த தெருவா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அடி மூலைகளில் வெனீர் மேலெழும்பி இருந்தால் கேட்கவே தேவையில்லை. கரையான் தடம், போர்ட் துளைக்குள் பல்லி முட்டை, எலி வேலை: டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பின்பக்க டெர்மினல் (வயர் மாட்டும் முனை). பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புக்காற்றில் இருந்த பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு டெர்மினல் இருந்தால் அவற்றை இணைக்கும் ஜம்பர் தகடு இருக்கிறதா பாருங்கள். அது தொலைந்திருந்தால் கீழ் ஜோடியில் வயரை மாட்டியதும் ட்வீட்டர் மட்டும் வேலை செய்யாது. நல்ல ஸ்பீக்கரை ‘ட்வீட்டர் போச்சு’ என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

5. வீடியோ காலில் இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள்

முன்பே எடுத்த வீடியோவை ஏற்காதீர்கள். நேரலையில், நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்ய வேண்டும்.

முதலில் மல்ட்டிமீட்டர். அவரிடம் இல்லையென்றால் சில நூறு ரூபாய்தான், அதை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கச் சொல்லலாம். ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் ஓம் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3, 3.5. இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவதுதான் முக்கியம். அளவே வரவில்லை என்றால் வூஃபர் காயில் அறுந்திருக்கலாம். நான்கு டெர்மினல் உள்ளவற்றில் ஜம்பரைக் கழற்றிவிட்டுக் கீழ் ஜோடியில் அளக்கணும். மேல் ஜோடியில் அளவு வராதது சாதாரணம்: நடுவே கப்பாசிட்டர் இருக்கிறது, அது மீட்டரின் மின்சாரத்தை விடாது. இது தெரியாமல் ட்வீட்டரைச் சபிக்க வேண்டாம்.

அடுத்து கோன். ஐந்து விரலையும் கோனின் ஓரத்தில் விரித்து வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடணும். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணல் தேய்ப்பது போல் கேட்டால் காயில் உரசுகிறது. ட்வீட்டரை யாரும் அழுத்தக் கூடாது.

பிறகு ஒலி. இடது, வலது தனித்தனியாக, குறைந்த வால்யூமில். ஒரு பெட்டியில் ட்வீட்டர் வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டர் அருகிலும் மறுமுனையைப் போன் மைக்கிலும் வைக்கச் சொல்லுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் சைன் ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை ஏறும் ஒற்றை ஒலி) ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டால் எங்கே கரகரக்கிறது, எங்கே பெட்டி நடுங்குகிறது என்பது ஓரளவு தெரியும். வால்யூமை ஏற்றி ஸ்வீப் போட்டால் நல்ல ட்வீட்டரும் எரியும், ஜாக்கிரதை.

மூன்று கேள்விகளையும் அப்போதே கேளுங்கள். எந்த டிரைவராவது மாற்றப்பட்டதா, ஒரிஜினல் பாகமா? கிராஸ்ஓவரை (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) திறந்தார்களா? பார்ட்டியில் ஓடியதா? இருபது, முப்பது ஆண்டு பழைய பெட்டிகளில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். அது பெரிய குறையல்ல. ரிச்சி தெருவில் பாகம் வாங்கி மாற்றிவிடலாம். ட்வீட்டர் போனால்தான் சிக்கல், உற்பத்தி நின்ற மாடலுக்கு ஜோடியாகக் கிடைப்பது அரிது.

6. பணம்: மூன்று துண்டாக

பிடித்து வைக்க ஐந்து முதல் பத்து சதவீதம். பேக்கிங் வீடியோ வந்தபின் பாதி. மீதி, விற்பவர் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் பெட்டியோடு நிற்பதை வீடியோ காலில் பார்த்தபடி. சிலர் முழுப் பணமும் முன்பே கேட்பார்கள்; அவர்களுக்கும் உங்கள் மேல் பயம் இருக்கும், நியாயம்தான். கவுண்டரில் வைத்து அனுப்புகிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

யூ.பி.ஐ.யில் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம்தான் போகும். அதற்கு மேல் ஐ.எம்.பி.எஸ். அல்லது நெஃப்ட். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் குறைந்த வரம்பு வைக்கும் வங்கிகள் உண்டு. முந்தின நாளே கணக்கைச் சேர்த்து 1 ரூபாய் அனுப்பி, பெயரைச் சரிபாருங்கள். இல்லையென்றால் அவர் அங்கே கவுண்டரில் நிற்க, நீங்கள் இங்கே வங்கியோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

பணம் ‘பெறுவதற்கு’ யாரும் பின் நம்பர் கேட்க மாட்டார்கள், கியூ.ஆர். ஸ்கேன் செய்யவும் சொல்ல மாட்டார்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். மறுநாள் காலை பார்க்கலாம் என்றால் பணம் நான்கு கணக்கு தாண்டியிருக்கும்.

ஒரு வெள்ளைத்தாள் விற்பனைக் கடிதம் கட்டாயம்: இருவர் பெயர், முகவரி, மாடல், இரண்டு சீரியல் எண், தொகை, ‘நான் முன்பே சொல்லாத பழுது இருப்பதை, பொருளை எடுத்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் திரும்பப் பெறுவேன்’ என்ற வரி, கையெழுத்து. நிறுவனத்தின் வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லும் என்று நம்பி விலை கொடுக்காதீர்கள்.

7. பேக்கிங்கை நீங்கள் நடத்துங்கள்

ஒரிஜினல் பெட்டியும் உள்ளே இருந்த ஃபோம் வார்ப்பும் இருந்தால் ஐந்தாயிரம் கூடக் கொடுத்து வாங்கலாம். ஆனால் அந்த ஒரிஜினல் அட்டைப்பெட்டியை அப்படியே லாரியில் ஏற்றக் கூடாது. அது உள்பெட்டி. அதைச் சுற்றி நாலு விரல் தெர்மாகோலோ ஃபோமோ வைத்து, வெளியே ஏழு பிளை அட்டைப்பெட்டி அல்லது மரச்சட்டம்.

ஒரிஜினல் பெட்டி இல்லையென்றால் வரிசை இது. கிரில், ஸ்பைக், அடித்தட்டு எல்லாம் கழற்றித் தனிப்பையில். வெனீர் மேல் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் அல்லது மென்துணி. பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் வெயிலில் நிற்கும் லாரியில் குமிழ் அச்சு பாலிஷில் விழும். டிரைவர்கள் முன்னால் தடித்த அட்டை, அது கோனைத் தொடாமல் சட்டத்தில் மட்டும் பதிய வேண்டும். பிறகு பபிள் ராப் மூன்று சுற்று, எட்டு மூலைக்கும் ஃபோம், உள்பெட்டி, வெளிப்பெட்டி. ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. ஒரு பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் மூலை மற்றதன் கோனுக்குள் போகும்.

இவ்வளவு ஏன்? வூஃபரின் பின்னால் இருக்கும் காந்தம் கனமானது, பசையால்தான் ஒட்டியிருக்கும். பெட்டி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் காந்தம் ஒரு மில்லிமீட்டர் நகரும். அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள்தான் காயில் ஓட வேண்டும். நகர்ந்தால் கோன் சிக்கிக்கொள்ளும். பிறகு ரீகோனிங்கும் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) உதவாது.

20 கிலோவுக்கு மேல் என்றால் மரப்பெட்டியே. அதிலும் அடியில் இரண்டு கட்டை வைக்கச் சொல்லுங்கள், தூக்குபவர் விரல் நுழைய வேண்டும். விரல் நுழையாத பெட்டியை உருட்டித்தான் ஏற்றுவார்கள்.

8. புக்கிங், எல்.ஆர்., ஈ-வே பில்

ரயில் பார்சல் மலிவு. ஆனால் பிளாட்பாரம், தள்ளுவண்டி, பிரேக்வேன் என்று கைமாறும் தடவைகள் அதிகம். வந்த சரக்கை நேரத்துக்கு எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணமும் ஏறும். ஸ்பீக்கருக்கு லாரி பார்சலே தேவலை.

வடக்கே ‘பில்டி’ என்று சொல்வதுதான் நம் எல்.ஆர்., லாரி நிறுவனம் தரும் சரக்கு ரசீது. அதில் பெறுநர் இடத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். ‘செல்ஃப்’ என்று போட்டுவிட்டால் ஒரிஜினல் எல்.ஆர். கையில் இல்லாமல் கோடவுனில் சரக்கு தரமாட்டார்கள், வாட்ஸ்அப் படம் செல்லாது. ‘டு பே’ என்றால் வாடகை நீங்கள் கட்டணும். எவ்வளவு என்பது எல்.ஆரில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் ஈ-வே பில் (சரக்கு போகும்போது ஜி.எஸ்.டி.க்காகக் கூடவே போக வேண்டிய மின்சீட்டு) பேச்சு வரும். பயன்படுத்திய சொந்த, வீட்டுச் சாமான்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. என்றாலும் விற்று அனுப்பும் பொருளை அதில் சேர்க்க புக்கிங் கிளார்க் தயங்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரும் ஈ-வே பில் தளத்தில் குடிமக்களுக்கான பகுதியில் எடுக்க வழி இருக்கிறது. எது வேண்டும் என்பதை புக்கிங்குக்கு முன்பே அந்த ஆபீஸில் கேட்டு, பொருளின் விவரம், மதிப்பு, இருவர் முகவரி எழுதிய கடிதத்தோடு போகச் சொல்லுங்கள்.

இதிலிருந்து தப்பிக்க மதிப்பை 5,000 என்று எழுதுவது பெரிய தவறு. சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007-இன்படி, கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாவிட்டால் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. நஷ்டத்துக்கு வழக்கு போடுவதென்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பழைய பொருளுக்கு இன்சூரன்ஸ் தர மறுக்கும் நிறுவனங்கள் இருப்பதால், தருகிறோம் என்று சொன்னால் எழுத்தில் வாங்குங்கள்.

பெங்களூருவிலிருந்து ஓரிரு நாள், மும்பையிலிருந்து ஐந்தாறு நாள், டெல்லியிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை புக்கிங்கைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பெட்டிக்கு வெளியேயும் தார்ப்பாய் ஷீட் சுற்றச் சொல்லுங்கள்.

9. கோடவுனிலிருந்து வீடு வரை

மீன்பாடி வண்டி வேண்டாம். மணலி, எண்ணூர் ரோட்டுக் குழிகளில் அது குலுக்குகிற குலுக்கில் டெல்லியிலிருந்து பத்திரமாக வந்தது தண்டையார்பேட்டையில் உடையும். குட்டி யானை பிடித்து, அடியில் பழைய மெத்தை விரித்து, பெட்டியை நிற்க வைத்துக் கட்டுங்கள். கண்டெய்னர் வரிசை நிற்கும் நேரத்தைத் தவிர்க்க ஞாயிறு காலை சௌகரியம். மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சப்வே பக்கம் வண்டியை விட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் ஆறு பக்கமும் படம். நசுங்கலோ ஈரமோ இருந்தால் டெலிவரி காப்பியிலேயே ‘பெட்டி நசுங்கி வந்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘அப்புறம் ஆபீஸ்ல சொல்லிக்கங்க சார்’ என்பார்கள். எழுதாமல் கையெழுத்திட்டால் பிறகு ஆபீஸில் சொல்ல எதுவும் இருக்காது. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து, உள்ளே ஏதாவது உருள்கிறதா என்று கேளுங்கள்.

10. வீட்டில் முதல் இரண்டு மணி நேரம்

டேப்பை அறுக்கும் முன் வீடியோ ஆரம்பித்து, சீரியல் எண் தெரியும்வரை நிறுத்தாமல் எடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் முன் மல்ட்டிமீட்டரால் அளந்து, வீடியோ காலில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கோனை மறுபடி அழுத்திப் பாருங்கள். வழியில் காந்தம் நகர்ந்திருந்தால் இங்கே பிடிபடும்.

1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் வூஃபர் வெளியே துள்ளும். இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். பழைய ஜே.பி.எல். சிலவற்றில் உள்ளே இழுக்கும், அது அவற்றின் சொந்த வழக்கம். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் யாரோ திறந்து வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் பேஸ் காணாமல் போகும்.

பிறகு ஒரே பாட்டை மோனோவில் (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி) போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் நேர் எதிரே நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் பெட்டிப் பக்க முனையில் ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ வயரிலோ. மாறாமல் அதே பக்கம் நின்றால் பெட்டியிலோ அறையின் சுவரிலோ. அடுத்து பெட்டிகளையே இடம் மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். இப்போது சாய்வு பெட்டியோடு நகர்ந்தால்தான் விற்றவருக்குப் போன் போட வேண்டும், 48 மணி நேரம் ஓடுவதற்குள், வீடியோவோடு. அட்டைப்பெட்டியையும் ஃபோமையும் அதுவரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.